பெண்டுகளுக்கும் பிள்ளையளுக்கும் எழுதிவச்ச வெளி

கொழும்பு வெள்ளவத்தையில தங்கச்சியின்ர பிளட் நாலாம் மாடி. கீழ மூண்டாம் மாடியில ஒரு வயசுபோன அம்மா இருக்கிறா, அவவுக்கு மத்தியானத்தில கொஞ்சம் கண்ணயரவேணும், அதால நாங்கள் பையைக் கொண்டுபோய் வச்ச நேரம் துவக்கம் மூண்டு நாளா நான் பிள்ளையளுக்குச் சொன்ன சொல்லு ஒண்டே ஒண்டுதான், "ஓடாத". மகனுக்குப் பத்து வயசு, மகளுக்கு அஞ்சு. யாழ்ப்பாணத்தில வீட்டு வளவுக்குள்ள மாமரத்தடியில இருந்து கிணத்தடி மட்டும் ஒரு நாளைக்கு எத்தினை தரம் ஓடுவினம் எண்டு நான் எண்ணினதே இல்லை, இஞ்ச வந்து ரெண்டுபேரும் சுவரோட சாஞ்சுகொண்டு போன் பாக்கிறதைப் பாக்கத்தான் ஓட்டம் எண்டது இவையளுக்குச் சோறு தண்ணி மாதிரி எண்டு விளங்கினது.

நாங்கள் ஊர் பாக்க வந்த ஆக்கள் இல்லை. மகளின்ர கண்ணைக் காட்ட வந்தது. ஆவணி லீவு எண்டபடியால் மகனையும் கூட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில ஏறினம், முதல் நாள் டொக்டர், அடுத்த நாள் கண்ணாடிக்கு அளவு, பேந்து கண்ணாடி வாறமட்டும் காத்திருக்கிறது. அந்தக் காத்திருக்கிற நாளிலதான் தங்கச்சி சொன்னாள், "அக்கா, இவையளைக் கொண்டுபோய் காலிமுகத்தில விடுங்கோ, ஓடி முடிச்சிட்டுத் தாங்களாவே வந்து படுப்பினம்." காலிமுகம் எண்டது கொழும்புக் கடற்கரையில கிடக்கிற பெரிய வெளி. அவளின்ர மகன், எனக்குப் பெறாமகன், எட்டு வயசு, அவனும் எங்களோட வாறதெண்டு முடிவாச்சு. அவன் கொழும்பிலயே பிறந்து வளந்தவன், ஆனால் காலிமுகத்துக்கு ரெண்டு தரம்தான் போயிருக்கிறானாம், ரெண்டு தரமும் வாகனத்துக்குள்ள இருந்து இறங்கினது கொஞ்ச நேரம்தானாம். பக்கத்தில இருக்கிறதுக்கு நாங்கள் கடைசியாத்தான் போறம், நானும் கீரிமலைக்குப் போய் எத்தினை வருசம்.

நாலு மணிக்குக் காலி வீதியில 100ஆம் நம்பர் பஸ் எடுத்தம். இடப்பக்கச் சீற்றில இருந்தால் குறுக்கு ஒழுங்கை ஒவ்வொண்டுக்குள்ளாலயும் கடல் ஒரு துண்டு தெரியும், தெரிஞ்சு மறையும், பிள்ளையள் மூண்டும் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" எண்டு கடலை எண்ணிக்கொண்டு வந்தினம். பஸ்ஸில இருந்த ஒரு ஐயாவும் சேந்து எண்ணினார், அவர் சிங்களத்தில. பம்பலப்பிட்டி தாண்டப் பேந்து கடைகளும் வங்கிகளும் கடலை மறைச்சுப்போட்டுது.

இறங்கினது தெற்குப் பக்கம், 1864இல கட்டின பழைய கோல்பேஸ் ஹொட்டலுக்குக் கிட்ட. ரோட்டைக் கடந்து வெளிக்குள்ள காலை வச்ச உடன மகன் நிண்டிட்டான். "அம்மா, இஞ்ச ஒண்டுமே இல்லையே." ஊஞ்சல் இல்லை, சறுக்கீஸ் இல்லை, மரம் கூட இல்லை. ஒரு பக்கம் ரோட்டு, மற்றப் பக்கம் கடல், நடுவில நீட்டுக்கு ஒரு வெளி, அரைக் கிலோமீற்றர் வரும், மொத்தமா அஞ்சு ஹெக்டெயர். புல் எண்டு பெரிசா நினைச்சுப் போகாதேங்கோ, சனம் மிதிச்சு மிதிச்சு அங்கங்க மண் தெரியுது, உப்புக் காத்துக்கும் அது தாக்குப்பிடிக்கவேணுமே. பேந்து அவனே சொன்னான், "எங்கட முற்றவெளி மாதிரிக் கிடக்கு."

எனக்கு அந்தச் சொல்லு பிடிச்சுக்கொண்டுது, ஏனெண்டால் அவன் சொன்னது உண்மை, அவனுக்கே தெரியாத அளவுக்கு உண்மை. எங்கட முற்றவெளி யாழ்ப்பாணக் கோட்டைக்கு முன்னால கிடக்கிறது. இதுவும் அப்பிடித்தான், கொழும்புக் கோட்டைக்கு வெளியால கிடந்த நிலம். ஒல்லாந்தர் 1656இல கொழும்பைப் போர்த்துக்கேயரிட்ட இருந்து பிடிச்சவை, ரெண்டு வருசத்தால 1658இல யாழ்ப்பாணத்தையும் பிடிச்சவை. கோட்டைக்கு முன்னால எதிரி ஒளிச்சு வர மரமோ வீடோ இருக்கக்கூடாது, பீரங்கிக் குண்டு தடையில்லாமல் போகவேணும், அதுக்காக வெட்டையா விட்ட இடம்தான் காலிமுகம். சுடுறதுக்கு எண்டு வெறுமையாக்கின நிலத்தில முந்நூறு வருசத்துக்கு மேல கழிச்சு என்ர மகள் செருப்பைக் கழட்டி எறிஞ்சிட்டு ஓடுறாள். நான் "ஓடாத" எண்டு வாயைத் திறந்திட்டன், மூண்டு நாள் பழக்கம், பேந்துதான் இஞ்ச அந்தச் சொல்லு தேவையில்லை எண்டு ஞாபகம் வந்தது. "ஓடு பிள்ளை, நல்லா ஓடு" எண்டன்.

ரோட்டுக்கு அங்கால பெரிய மோல் இருக்கு. வெய்யிலுக்குப் பிள்ளையளை அங்க கொண்டு போறவை கனபேர், ஏசி இருக்கு, கழிப்பறை துப்பரவு, நானும் மகளை ஒருக்கா அங்கதான் கூட்டிக்கொண்டு ஓடினனான், அதில பிழை ஒண்டும் இல்லை. ஆனால் அங்க பிள்ளை நிக்கிற ஒவ்வொரு இடத்திலயும் வாங்கச் சொல்லி ஏதோ ஒண்டு கூப்பிடும், விளையாட்டுக்கும் நேரம் குறிச்சுக் காசு. இந்த வெளியில ரிக்கற் இல்லை, கேற் இல்லை, நேரம் இல்லை. கையில ஒரு சதம் இல்லாத குடும்பமும் வந்து பாயை விரிச்சு இருக்கலாம், எதிரில ஹொட்டல்ல ஒரு இரவுக்கு ஆயிரக்கணக்கில குடுத்துத் தங்கிற ஆளும் இறங்கி வந்து அதே புல்லிலதான் நடக்கவேணும். பிள்ளையளோட வெளியூருக்குப் போற ஆக்களுக்கு நான் சொல்லுறது இதுதான், மிருகக்காட்சிச்சாலை, மியூசியம் எல்லாம் பாருங்கோ, ஆனால் ஒரு பின்னேரத்தை அந்த ஊர்ச் சனம் சும்மா வந்து இருக்கிற இடத்துக்கெண்டு ஒதுக்கி வையுங்கோ. அந்த ஊர் எப்பிடிச் சிரிக்குது, எப்பிடிச் சாப்பிடுது, பிள்ளையை எப்பிடிப் பேசுது எண்டது அங்கதான் பாக்கலாம்.

அண்டைக்குச் சோளகக் காத்து நல்லா வீசினது. ஆவணியில கொழும்புக் கரைக்குக் காத்துக் கடல்ல இருந்துதான் வரும், தலைமயிர் முகத்தில ஒட்டும், உதட்டில உப்பு. வானம் முழுக்கப் பட்டம். எங்கட ஊரில பட்டக் காலம் தை மாசம், வாடைக் காத்தோட வாறது, பொங்கலண்டு வல்வெட்டித்துறைக் கடற்கரையில பட்டத் திருவிழா பாத்தவைக்குத் தெரியும், லொறி அளவில ஏத்துவினம். இஞ்ச எல்லாம் பொலித்தீன் பட்டங்கள், பருந்து, பாம்பு, மீன், நீட்டு வாலோட, வெளி ஓரத்தில கயித்தில கோத்துத் தொங்க விட்டு விக்கினம். மகன் கொக்குப் பட்டமும் எட்டுமூலையும் தானே கட்டுறவன், அவனுக்கு வாங்கிற பட்டத்தில மரியாதை இல்லை. முதல்ல வேண்டாம் எண்டான், பேந்து தலைக்கு மேல முப்பது நாப்பது பட்டம் ஆடுறதைப் பாத்துக்கொண்டு எவ்வளவு நேரம் சும்மா நிக்கிறது, ஒரு பருந்து வாங்கினம்.

ஏத்தினால் அது மேல போய் உடன தலைகீழாக் குத்துது. திருப்பி ஏத்த, திருப்பிக் குத்துது. பெறாமகனுக்கு முகம் வாடிப்போச்சு, மாத்தித் தரச் சொல்லிக் கேப்பம் எண்டான். மகன் அதை நிலத்தில மல்லாக்காப் போட்டு முச்சையைப் பாத்தான். முச்சை எண்டால் பட்டத்தில மேலயும் கீழயும் கட்டின நூல் ஒண்டாச் சேருற இடம், அதிலதான் ஏத்திற நூலைக் கொழுவிறது, பட்டம் காத்துக்கு எவ்வளவு சரிஞ்சு நிக்கவேணும் எண்டதை அந்த முடிச்சுத்தான் தீர்மானிக்கும். காத்துப் பலமா இருந்தால் முடிச்சைத் தலைப்பக்கம் கொஞ்சம் ஏத்தவேணும், அப்பத்தான் பட்டம் காத்தை முழுசா நெஞ்சில வாங்காமல் மேலால வழுக்க விடும். இவன் பல்லால முடிச்சை அவிட்டு ஒரு விரல் அளவு மேல ஏத்திக் கட்டினான். பட்டம் வித்த அண்ணை பாத்துக்கொண்டு நிண்டிட்டுத் தமிழில கேட்டார், "தம்பி எந்த ஊரு?" சொன்னம். அவர் தலையை ஆட்டிட்டு, "முடிச்சு சரி, ஆனா இந்தக் காத்துக்கு வால் பத்தாது" எண்டு தன்ர பையில கிடந்த ஒரு பொலித்தீன் வாலை எடுத்து ஒட்டி விட்டார், காசு கேக்கேல்ல. மகன் முச்சைதான் காரணம் எண்டு சொல்லுறான், அவர் வால்தான் எண்டு சொல்லுறார், ரெண்டுபேரும் இரண்டு நிமிசம் அதுக்கு நிண்டு கதைச்சவை. எனக்குத் தெரிஞ்சமட்டில ரெண்டும் தேவை. பருந்து நிண்டிட்டுது.

பட்டம் ஏத்தப் போற ஆக்கள் ஒண்டைக் கவனிக்கவேணும். காத்துக் கடல்ல இருந்து கரைக்கு வாறபடியால் பட்டம் ரோட்டுப் பக்கம்தான் போகும், அங்க பஸ்ஸும் லொறியும் ஒரு நிமிசம் நிக்காமல் ஓடுது. வெளிக்கு நடுவில நிண்டு ஏத்தினால் நூல் அறுந்தாலோ பட்டம் விழுந்தாலோ ரோட்டிலதான் விழும், பிள்ளையும் பின்னால ஓடும். கடல் பக்கத்து ஓரத்துக்கு வந்து நிண்டு ஏத்துங்கோ, அப்ப வெளியின்ர முழு அகலமும் உங்களுக்கு முன்னால கிடக்கும். "அறுந்தால் போகட்டும், பின்னால ஓடக்கூடாது" எண்டு நூலைக் கையில குடுக்கேக்கயே சொல்லிப்போடவேணும். நாலரைக்கு முதல் போனால் நிழல் எண்டு ஒண்டும் இல்லை, தண்ணிப் போத்தல் ஆளுக்கு ஒண்டு கொண்டு போங்கோ. ஆவணியில கடல்ல இறக்கவே வேண்டாம், அலை அடிக்கிற அடியில கல்லுக் கட்டைத் தாண்டித் தண்ணி எழும்பி நடைபாதையில விழுது, மகளின்ர ஒரு செருப்பு அப்பிடித்தான் போனது, மற்றச் செருப்பை இப்பவும் வச்சிருக்கிறாள்.

இனி அந்தக் கல்லு. நடைபாதையில, கடலுக்குப் பக்கத்தில, பழைய கல்லு ஒண்டு நிக்குது, கனபேர் அதில சாஞ்சு நிண்டு ஐஸ்கிறீம் குடிக்கினம், வாசிக்கிறவை குறைவு. நான் எங்கட அப்பா சொல்லித் தெரிஞ்சு வச்சிருந்ததால தேடிப்போய் மகனைக்கொண்டு வாசிப்பிச்சன். இங்கிலீசில இருக்கு. காலிமுக நடைபாதை, சேர் ஹென்றி வோட் 1856இல தொடங்கினது, 1859இல முடிஞ்சது, கொழும்பின்ர பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காகத் தனக்குப் பின்னால வாறவையின்ர பொறுப்பில விடுறன் எண்டு அதில வெட்டியிருக்கு. ஹென்றி வோட் அப்ப இலங்கையின்ர ஆளுநர். வெள்ளைக்கார ஆட்சியில ஒரு தேசாதிபதி "பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்" எண்டேக்க ஆரை மனசில வச்சிருந்திருப்பார் எண்டது எனக்கு விளங்குது, குதிரை வண்டிலில பின்னேரம் காத்து வாங்க வந்த அவையின்ர ஆக்களைத்தான். 1879இல கொழும்புக் கொல்ப் கிளப் தொடங்கினதும் இந்தப் புல்லிலதான், குதிரைப் பந்தயமும் நடந்தது. ஆனால் கல்லில வெட்டின சொல்லு வெட்டினவரை விடக் கனகாலம் இருக்கும், இண்டைக்கு அந்தச் சொல்லு சொல்லுறது பர்தா போட்டு வடை சாப்பிடுற அம்மாவையும், யூனிபோமோட பந்தடிக்கிற பெடியளையும், என்ர மகளையும்தான்.

மகன் வாசிச்சு முடிச்சிட்டு யோசிச்சான். "அம்மா, கொழும்புப் பிள்ளையளுக்கு எண்டெல்லோ போட்டிருக்கு. நாங்கள் கொழும்பு இல்லையே. விளையாடலாமோ?"

"விளையாடலாம்" எண்டன். அவனுக்கு அது காணும், ஓடிட்டான். எனக்குத்தான் அந்தக் கேள்வி நெஞ்சில நிண்டுகொண்டுது.

என்ர அப்பப்பா கொழும்பில கிளாக்கர் வேலை பாத்தவர். 1956 ஆனி (யூன்) 5ஆம் திகதி இந்த வெளியில என்ன நடந்தது எண்டு அப்பாவுக்குச் சொல்லி, அப்பா எங்களுக்குச் சொன்னவர். வெளியின்ர வடக்கு எல்லையில பெரிய தூண்களோட நிக்கிற அந்தக் கட்டடம்தான் அப்ப பாராளுமன்றம், 1930இல திறந்தது, இப்ப ஜனாதிபதி செயலகம். சிங்களம் மட்டும் ஆட்சிமொழி எண்ட சட்டமூலம் உள்ள வந்த அண்டைக்கு, செல்வநாயகம் ஐயாவும் தமிழரசுக் கட்சி ஆக்களும் இந்தப் புல்லில சத்தியாக்கிரகம் எண்டு அமைதியா வந்து இருந்தவை. கும்பலா வந்து அடிச்சாங்கள். அந்தக் கட்சி எம்.பி. அமிர்தலிங்கம் தலை உடைஞ்சு, கட்டுப் போட்டுக்கொண்டுதான் பாராளுமன்றத்துக்குள்ள போனவர். பத்து நாளில, ஆனி 15இல, சட்டம் பாராளுமன்றத்தில நிறைவேறிச்சுது. அப்பப்பா பின்னேரம் வேலை முடிஞ்சு வழமையா இந்த வெளியால நடந்து போறவராம், அண்டைக்குப் பிறகு சாகுமட்டும் இந்தப் பக்கம் காலடி வைக்கேல்லையாம். சிங்களச் சோதினை பாஸ் பண்ணினால்தான் சம்பளம் ஏறும் எண்டு வந்தது, அவர் இருந்து பாத்திட்டு வேளைக்கே பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்திட்டார்.

இதைப் பிள்ளையளுக்குச் சொல்லவேணுமோ, வேண்டாமோ எண்டு பஸ்ஸில வரேக்கயே யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான். மகளுக்கு வயசு காணாது. மகனுக்குச் சொல்லவேணும், ஆனால் பட்டம் மேல நிக்கேக்க வேண்டாம் எண்டு விட்டிட்டன்.

கல்லைப் பற்றி இன்னுமொண்டு. 2000 களில இந்த வெளியை ஒரு தனியார் கம்பனிக்குக் குத்தகைக்குக் குடுத்துப் பெரிய கேளிக்கை இடமாக்கப் பாத்தவை. சுற்றாடல் அமைப்பு ஒண்டு அந்த ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டு, காட்ட மாட்டம் எண்ட உடன உயர் நீதிமன்றம் போய், 2005இல வெண்டது. குத்தகை நிண்டது. இந்த நாட்டில அரசாங்கத்திட்டத் தகவல் கேக்கிறது சனத்தின்ர உரிமை எண்டு நீதிமன்றம் ஏத்துக்கொண்ட வழக்கும் அதுதான், தகவல் உரிமைச் சட்டம் வந்தது பிறகு 2016இலதான். எனக்கு இதை நினைக்கச் சந்தோசமா இருக்கு, பட்டம் விடுற ஒரு வெளியைக் காப்பாத்தப் போய் முழு நாட்டுக்கும் ஒரு உரிமை கிடைச்சிருக்கு. வடக்குப் பக்கம் கடல் இருந்த இடத்தில இப்ப துறைமுக நகரம், 269 ஹெக்டெயர் மண் கொட்டி எடுத்த நிலம். பின்னுக்கு 350 மீற்றர் உயரத்தில தாமரைக் கோபுரம். சுத்திவர எல்லாம் எழும்புது, இந்த அஞ்சு ஹெக்டெயர் மட்டும் தட்டையாக் கிடக்கு. கிடக்க விடுங்கோ எண்டுதான் நான் கேப்பன். ஒரு கட்டடம் ஆரோ சில பேருக்குத்தான், வெறுமையான நிலத்தில ஆர் வேணுமெண்டாலும் வந்து இருக்கலாம்.

அப்பிடி வந்து இருந்ததை நாங்கள் 2022இல போனில பாத்தம். சித்திரை (ஏப்ரல்) 9 துவங்கி இந்தப் புல்லில கூடாரம் அடிச்சு மாசக்கணக்கா சனம் கிடந்தது, ஜனாதிபதி கோட்டாபய வீட்டுக்குப் போகவேணும் எண்டு கேட்டு, கோட்டா கோ கம எண்டு பேர் வச்சு, புத்தகம் வாசிக்க நூலகம் எல்லாம் வச்சு. அந்த வைகாசி (மே) 18, 2009இல போர் முடிவில செத்தவையை நினைச்சுக் குடுக்கிற முள்ளிவாய்க்கால் கஞ்சி இந்த வெளியில குடுத்தவை. அப்பா அண்டைக்குப் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்திட்டு, "காலிமுகத்திலயோ?" எண்டு ரெண்டு தரம் கேட்டார். அதுக்கு மேல ஒண்டும் கதைக்கேல்ல. நம்பினாரோ, கோவமோ, எனக்குத் தெரியேல்ல. எங்கட முற்றவெளியும் இப்பிடித்தான், அதில கார்னிவல் பாத்திருக்கிறம், பந்தடி பாத்திருக்கிறம், 1974 தை (ஜனவரி) 10 தமிழாராய்ச்சி மாநாட்டில செத்த ஒம்பது பேருக்கு நினைவுத் தூணும் அங்கதான் நிக்குது. வெட்டை வெளிக்கு எல்லாம் நடக்கும்.

இதை எல்லாம் யோசிச்சுக்கொண்டு கல்லடியில நிண்ட நேரத்திலதான் மகளைக் காணேல்ல.

சவர்க்கார நுரை ஊதி விக்கிற ஒரு பெடியன் எங்களுக்குப் பக்கத்தால போனவன், குமிழிகள் காத்தோட ரோட்டுப் பக்கம் பறக்குது, அவள் அதுக்குப் பின்னால போயிருக்கிறாள். எனக்கு அப்ப இதெல்லாம் ஓடேல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ரோட்டு, எந்தப் பக்கம் முதல்ல பாக்கிறது எண்டு கால் நடுங்கிச்சுது. மகன் நூலைப் பெறாமகன்ர கையில குடுத்திட்டுக் கடல் பக்கம் ஓடினான், நான் ரோட்டுப் பக்கம். ரெண்டு மூண்டு நிமிசம்தான் இருக்கும். பாய் விரிச்சு இருந்த ஒரு குடும்பத்துக்குள்ள இருந்து ஒரு அம்மா எழும்பி நிண்டு என்னைக் கண்டு கையைத் தூக்கினா, அவவின்ர மற்றக் கையில மகள். "அண்டன்ன எப்பா, அண்டன்ன எப்பா" எண்டு சொல்லிக்கொண்டு நிண்டவ, அழாத எண்டுதான் அர்த்தம், அவ சொன்னது மகளுக்கு, ஆனால் அழுதது நான். பிள்ளை அங்கால இஞ்சால ஓடாமல் பிடிச்சு வச்சுக்கொண்டு, தாய் தேடி வருவாள், ஒரே இடத்தில நிக்கவேணும் எண்டு இருந்திருக்கிறா. பேந்து பெறாமகன் வந்து சிங்களத்தில விளங்கப்படுத்தினான். அவை குருநாகலில இருந்து வந்தவையாம், அவையும் ஒரு நாள் பயணம்தானாம். கொழும்புப் பிள்ளையளுக்கு எண்டு வெட்டின கல்லுக்குப் பக்கத்தில குருநாகலும் யாழ்ப்பாணமும் நிண்டு கதைக்குது. எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில நன்றி சொன்னன், அது காணாது எண்டு இப்பவும் தோணுது.

அதுக்குப் பிறகு செய்தது, நீங்கள் போன உடன செய்யவேண்டியது. பிள்ளையின்ர முன்னங்கையில பேனையால போன் நம்பர் எழுதிறது. தூரத்தில தெரியிற நிறத்தில சட்டை போடுறது, மகள் அண்டைக்கு மண் நிறச் சட்டை, அந்த வெளியில கண்ணுக்கே தெரியாது. தவறினால் எங்க வந்து நிக்கிறது எண்டு ஒரு இடம் காட்டி விடுறது, இஞ்ச அதுக்குக் கொடிக்கம்பத்தை விட நல்ல இடம் இல்லை, எங்க நிண்டாலும் தெரியும்.

அந்தக் கொடியை ஆறு மணிக்கு இறக்குவினம். படை ஆக்கள் அணிவகுத்து வந்து, சனம் எழும்பி நிக்க, அந்தப் பெரிய துணியை நிலத்தில படாமல் மடிச்சு எடுத்துக்கொண்டு போவினம். மகள் படை உடுப்பைக் கண்டு என்ர சீலைக்குள்ள ஒளிக்கேல்ல, கிட்டப் போய்ப் பாத்தாள். நான் அவளின்ர வயசில அப்பிடிப் போயிருக்க மாட்டன். எதையும் சொல்லாமல் பின்னால நிண்டன்.

இருட்டத் தொடங்க வண்டில்களில லைற் கொளுத்துவினம், அப்பத்தான் வெளி வேற இடம் மாதிரி வரும். அன்னாசி அச்சாறு, மாங்காய்க்கு மிளகாய்த்தூள், கச்சான், கொத்து ரொட்டி தட்டுற சத்தம். இறால் வடைக்குத்தான் இந்த இடம் பேர்போனது, கொழும்பில இஸ்ஸோ வடை எண்டுதான் சொல்லுவினம், தட்டையான பருப்பு வடைக்கு மேல முழு இறால் தலையோட அமத்திப் பொரிச்சது, வெட்டின வெங்காயமும் உறைப்புச் சோசும் போட்டுக் குடுப்பினம். சூடாப் பொரிச்சு எடுக்கிற வண்டில் பாத்து வாங்குங்கோ, கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கிறதைப் பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ. எங்கட இறாலுக்கு முன்னால இந்த இறால் சின்னன் எண்டு மகன் சொன்னான், மூண்டு சாப்பிட்டான்.

திரும்பி ஓட்டோவில வந்தம், மகள் மடியில நித்திரை, பெறாமகன் பட்டத்தை நெஞ்சோட பிடிச்சபடி நித்திரை. மகன் மட்டும் முழிப்பு. அப்பத்தான் சொன்னன், 1956ஐயும் அப்பப்பாவையும். சத்தம் போடாமல் கேட்டுக்கொண்டு வந்தான். பம்பலப்பிட்டி வர ஒரே ஒரு கேள்வி கேட்டான். "உங்கட அப்பப்பா பட்டம் ஏத்துவாரோ?"

ஏத்துவாராம், எட்டுமூலை கட்டுறதில ஊரில அவர்தான் எண்டு அப்பா சொல்லுவார், அதைச் சொன்னன்.

அடுத்த நாள் கண்ணாடி வந்தது. மகள் அதைப் போட்டுக்கொண்டு தங்கச்சியின்ர பல்கனியில நிண்டு, கட்டடங்களுக்கு நடுவில தெரியிற அந்தத் துண்டுக் கடலைப் பாத்து "அம்மா, அலைக்கு மேல வெள்ளை இருக்கு" எண்டாள். நேற்றுக் கிட்ட நிண்டு பாக்கேக்க அவளுக்கு அது தெரிஞ்சிருக்காது. பருந்தைப் பெறாமகனுக்கே குடுத்திட்டு வந்தம், முச்சை கட்டுற விதம் மூண்டு தரம் காட்டிப்போட்டு. தைப்பொங்கலுக்கு அவன் யாழ்ப்பாணம் வாறான், முற்றவெளியில பெரிய எட்டுமூலை ஏத்திறதெண்டு கதை. அதுக்குக் காத்தில கூவுற விண் பூட்டுறதோ இல்லையோ, பூட்டினால் நார் ஆர் சீவுறது எண்டு ரெண்டுபேரும் ஒவ்வொரு இரவும் போனில சண்டை பிடிக்கினம். பட்டத்தின்ர அளவை அப்பாதான் சொல்லவேணுமாம். அவர் நேற்று மூங்கில் தேடத் துவங்கிட்டார்.